கைமாறும் இடத்தில் தொலைகிறவர்கள்

பேருந்து நிலையத்துக் கட்டணக் கழிவறை ஓரமாக, சடை பிடித்த தலையோடு ஒருவர் பல நாளாகப் படுத்துக் கிடக்கிறார். யாரோ ஒருவர் 100-க்குப் போன் போடுகிறார். அந்த நிமிடத்திலிருந்து அவர் எத்தனை கை மாற வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். ரோந்துக் காவலர், நிலைய எழுத்தர், ஆம்புலன்ஸ்காரர், அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில் அன்றைய டியூட்டி டாக்டர், மனநல மருத்துவர், வார்டு செவிலியர், மீட்பு மையப் பொறுப்பாளர், சொந்த ஊர்க் காவல் நிலையம், கடைசியில் அண்ணன் மனைவி. இந்த ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஒரு தாள் தொலையலாம், ஒரு மாத்திரைச் சீட்டு தொலையலாம், ஆளே தொலையலாம்.

மனநலச் சமூகப் பணியாளர் என்றால் கவுன்சலிங் கொடுப்பவர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆஸ்பத்திரிப் பேச்சில் அவர் பி.எஸ்.டபிள்யூ. (சைக்கியாட்ரிக் சோஷியல் வொர்க்கர்). கவுன்சலிங்கும் அவர் வேலைதான், ஆனால் அது சிறிய பகுதி. ஒரு மாவட்டத்தின் பொது மனநலச் சேவையில் அவருடைய அசல் வேலை, மேலே சொன்ன கைகளுக்கு நடுவே நின்று ஆளைத் தவறவிடாமல் இருப்பது. ஓராளுக்காக இதைச் செய்பவர் கேஸ் வொர்க்கர். ஆயிரம் ஆட்களுக்கு இது தானாக நடக்கும்படி ஏற்பாடு செய்பவர்தான் சேவைக்குத் தலைமை தாங்குபவர். முதலாவதிலிருந்து இரண்டாவதற்குப் போகும் பாதை இந்தியாவில் எப்படி இருக்கிறது, அதில் எங்கெல்லாம் சறுக்குகிறது என்பதைத்தான் இங்கே பார்க்கிறோம்.

முதல் 24 மணி நேரம்

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன் 100-ஆவது பிரிவை மனநல ஊழியரை விடக் காவல் நிலைய எழுத்தர்தான் முதலில் படித்திருக்க வேண்டும். தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாமல் தெருவில் அலைபவருக்கு மனநோய் இருக்கிறது என்று நம்பக் காரணம் இருந்தால், அவரைப் பாதுகாப்பில் எடுப்பது காவல்துறையின் கடமை. எதற்காக அழைத்துப் போகிறோம் என்பதை அவரிடம் சொல்ல வேண்டும். 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள பொது மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். லாக்கப்பிலோ சிறையிலோ எந்தக் காரணத்துக்காகவும் வைக்கக் கூடாது. வீடற்றவராக இருந்தால் ‘காணாமல் போனவர்’ என்று முதல் தகவல் அறிக்கை பதிவு செய்து, குடும்பத்தைத் தேடும் பொறுப்பும் நிலைய அதிகாரிக்கு உண்டு.

நடப்பில் தவறுவது இந்தக் கடைசி வரிதான். ஆளை மருத்துவமனையில் விட்டதும் வேலை முடிந்தது என்று நிலையத்தில் நினைத்துவிடுகிறார்கள். எஃப்.ஐ.ஆர். இல்லாவிட்டால், வேறொரு மாநிலத்தில் அவருடைய அம்மா கொடுத்த புகாரோடு இங்கே கிடக்கும் ஆளை இணைத்துப் பார்க்க வழியே இல்லை. அனுபவமுள்ள பி.எஸ்.டபிள்யூ. அட்மிஷன் தாளோடு எஃப்.ஐ.ஆர். எண்ணையும் கேட்டு வாங்குவார். வாங்காமல் விட்டால் மூன்று மாதம் கழித்து அதே நிலையத்துக்கு நடந்து, ‘அன்னிக்கு டியூட்டில இருந்தவர் டிரான்ஸ்ஃபர் ஆயிட்டாரு’ என்ற பதிலோடு திரும்ப வேண்டியிருக்கும்.

அடுத்த சறுக்கல் அவசரப் பிரிவில் நடக்கிறது. ‘மெண்டல் கேஸ்’ என்ற ஒரு சொல் காதில் விழுந்துவிட்டால் உடம்பைத் தொட்டுப் பார்க்க ஆள் கிடைப்பதில்லை. தெருவில் கிடந்தவருக்குத் தலையில் அடி, காய்ச்சல், சர்க்கரை இறக்கம், சோடியம் குறைவு, வலிப்பு, புழு வைத்த புண், கடும் ரத்தசோகை, காசநோய் என்று எதுவும் இருக்கலாம். குடியை நிறுத்தி இரண்டு மூன்று நாளில் வரும் குழப்ப நிலை, பார்ப்பவர் கண்ணுக்கு மனநோய் போலவே இருக்கும், ஆனால் கவனிக்காமல் விட்டால் உயிரை எடுக்கும். நினைவு தெளிந்தும் மங்கியும் மாறி மாறி வந்தாலோ, இல்லாத உருவங்கள் கண்ணில் தெரிந்தாலோ, 50 வயதுக்கு மேல் முதல்முறையாகத் திடீரென்று தொடங்கியிருந்தாலோ உடல் காரணத்தைத்தான் முதலில் தேட வேண்டும். மருத்துவம் பார்ப்பது சமூகப் பணியாளரின் வேலை இல்லை. ஆனாலும் ரத்தப் பரிசோதனை செய்தீர்களா, தலைக்கு ஸ்கேன் எடுத்தீர்களா, பெண்ணாக இருந்தால் கர்ப்பப் பரிசோதனை செய்தீர்களா என்று கேட்டுக்கொண்டே நிற்பது அவர் வேலை. வாரக் கணக்கில் பட்டினி கிடந்தவருக்கு இரக்கப்பட்டு வயிறு நிறையப் பிரியாணி வாங்கிக் கொடுப்பதும் ஆபத்து. ரத்தத்தில் உப்புகளின் அளவு சட்டென்று சரிந்து இதயத்தைப் பாதிக்கும். சிறிது சிறிதாகத்தான் சாப்பாட்டைக் கூட்ட வேண்டும். காவலர்களுக்கும் தன்னார்வலர்களுக்கும் நடத்தும் பயிற்சியில் இது ஒன்றையாவது சொல்லிவிடுவது நல்லது.

அட்மிஷன் சுய விருப்பத்தோடு இருந்தால் சிக்கல் இல்லை. முடிவெடுக்கும் நிலையில் ஆள் இல்லை, ஆபத்தும் இருக்கிறது என்றால் 89-ஆவது பிரிவின்படி அதிகபட்சம் 30 நாள். அதற்கு இரண்டு பேர் தனித்தனியாக மதிப்பிட்டிருக்க வேண்டும். ஒருவர் மனநல மருத்துவர், மற்றவர் இன்னொரு மனநல நிபுணராகவோ மருத்துவராகவோ இருக்கலாம். மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்ற பி.எஸ்.டபிள்யூ.வும் இந்த ‘மனநல நிபுணர்’ வரையறைக்குள் வருகிறார். சட்டம் அவருக்குத் தந்திருக்கும் மிகக் கனமான பேனா இதுதான். டாக்டர் ஏற்கெனவே எழுதியதன் கீழே கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுபவர் அந்தப் பேனாவை வீணடிக்கிறார். அட்மிஷன் தகவல், நோயாளியின் உரிமைகளைக் கண்காணிக்கும் மனநல ஆய்வு வாரியத்துக்குப் பெண்கள், சிறார் என்றால் 3 நாளிலும், மற்றவர்கள் என்றால் 7 நாளிலும் போயாக வேண்டும். 30 நாளைத் தாண்டினால் 90-ஆவது பிரிவு, இரண்டு மனநல மருத்துவர்கள், வாரியத்தின் அனுமதி. இந்த 3, 7, 30 என்ற தேதிகளைச் சுவரில் ஒரு பலகையில் எழுதி வைக்காத வார்டில் சட்டமீறல் கண்ணுக்குத் தெரியாமலே நடந்துகொண்டிருக்கும்.

சிகிச்சை முடிவுகளில் நோயாளியின் பக்கம் நிற்பவர் நியமனப் பிரதிநிதி. பேர் தெரியாதவருக்கு அவர் யார்? இதற்கும் சட்டத்தில் வரிசை இருக்கிறது. முன்கூட்டியே எழுதி வைத்த ஆவணத்தில் குறிப்பிட்டவர், இல்லையென்றால் உறவினர், பராமரிப்பவர், வாரியம் நியமிப்பவர். யாருமே இல்லையென்றால் சமூக நலத்துறை இயக்குநர் அல்லது அவர் அனுப்பும் ஆள். மனநோயாளிகளுக்காக வேலை செய்யும் பதிவு பெற்ற அமைப்பும் தற்காலிகமாக அந்த இடத்தில் நிற்கலாம். மாவட்டத்தில் அந்த ‘ஆள்’ யார் என்று பெயர், போன் நம்பரோடு முன்பே வாங்கி வைத்திருப்பதுதான் தலைமையின் வேலை. நள்ளிரவில் தேடினால் கிடைக்க மாட்டார்.

ஊரைக் கண்டுபிடிப்பது

‘உன் ஊர் எது?’ என்று முதல் நாளே கேட்பவர் பதில் வாங்க மாட்டார். மருந்து கொஞ்சம் பிடித்து, தூக்கம் சீராகி, குளித்து முடி வெட்டிய பிறகு பத்துப் பன்னிரண்டு நாளில் சொற்கள் மெல்ல வரும். அப்போதும் ‘முகவரி’ என்று கேட்பதால் பயனில்லை. ஊர்த் திருவிழா எந்த மாதம், ஆறு இருக்கிறதா, வயலில் என்ன போடுவீர்கள், பள்ளிக்கூடத்துக்கு எந்த வழியாக நடந்தீர்கள், டவுனுக்கு எந்த பஸ் என்று வாழ்ந்த வாழ்க்கையைக் கேட்க வேண்டும். முகவரி அதற்குள்ளிருந்து தானாக எட்டிப் பார்க்கும்.

தமிழ்நாட்டில் மீட்கப்படுபவர்களில் வடமாநிலத்தவரும் உண்டு. ரயில் ஏறினால் எங்கே இறங்குவது என்பது நோய் முற்றியவர் கையில் இல்லை. மொழியைக் கணிக்கத் தண்ணீர் டம்ளரைக் காட்டி இது என்ன என்று கேட்பது எளிய வழி. ‘ஜோல்’ என்றால் வங்காளி, ‘நீள்ளு’ என்றால் தெலுங்கு, ‘வெள்ளம்’ என்றால் மலையாளம். ‘பானி’ என்றால் அவசரப்பட்டு இந்தி என்று எழுதிவிடக் கூடாது. ஒடியாவிலும் அசாமியிலும் அதே சொல்தான், வங்காள முஸ்லிம்களும் அப்படித்தான் சொல்வார்கள். பீகார், உத்தரப் பிரதேசக் கிராமத்தவரிடம் ‘தாணா (காவல் நிலையம்) எது, ஜில்லா எது’ என்று கேட்டால் சட்டென்று வரும். அங்கே விலாசமே போஸ்ட், தாணா, ஜில்லா என்றுதான் மனதில் பதிந்திருக்கிறது. தாணா பெயர் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அந்த நிலையத்துக்குப் போன் போட்டு, போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்பி, கிராமத் தலைவர் வரை போய்விடலாம்.

இன்னொரு வழி ஆதார். புதிதாகப் பதிவு செய்ய முயலும்போது ‘ஏற்கெனவே உள்ளது’ என்று நிராகரிக்கப்பட்டால், அந்தக் கைரேகைக்கு உரிய பழைய பதிவு எங்கோ இருக்கிறது என்று பொருள். முறையாக விண்ணப்பித்து, அந்தப் பதிவின் வழியாகவே பலர் வீடு போய்ச் சேர்ந்திருக்கிறார்கள்.

வீட்டுக்கு அனுப்பிய பிறகு

குடும்பம் கிடைத்துவிட்டது, கண்ணீரும் கட்டிப்பிடிப்பும் போட்டோவாகப் பத்திரிகையில் வந்துவிட்டது. நிர்வாகத்தின் கணக்கில் கேஸ் அங்கே முடிகிறது. விவரம் தெரிந்தவர் கணக்கில் அங்கேதான் தொடங்குகிறது.

வீடு திரும்பியவர் மறுபடி தெருவுக்கு வரக் காரணங்கள் எல்லாம் சலிப்பூட்டும் அளவுக்குச் சாதாரணமானவை. கொடுத்தனுப்பிய 30 நாள் மாத்திரை தீர்ந்தது, அதே மருந்து பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இல்லை. குடும்ப அட்டையிலிருந்து பெயர் நீக்கப்பட்டிருந்தது. அவர் பங்கு நிலம் தம்பி பெயருக்கு மாறியிருந்தது. அம்மா செத்துப்போயிருந்தார், தூங்க இடம் திண்ணை மட்டும். இவற்றில் ஒன்றைக்கூட மாத்திரை சரிசெய்யாது. அதனால்தான் டிஸ்சார்ஜுக்கு முன்பே யாராவது ஒருவர் வீட்டைப் போய்ப் பார்த்திருக்க வேண்டும். எங்கே படுப்பார், யார் சோறு போடுவார், மாத்திரை யார் கையில் இருக்கும், வீட்டில் குடிப்பவர் உண்டா, அடித்த ஆள் இன்னமும் அங்கேயே இருக்கிறாரா? இந்த ஐந்துக்கும் பதில் எழுதாத டிஸ்சார்ஜ் சம்மரி அரைகுறைதான். சட்டத்தின் 98-ஆவது பிரிவும் டிஸ்சார்ஜ் திட்டத்தை நோயாளி, பிரதிநிதி, குடும்பம் எல்லோரிடமும் கலந்து போட வேண்டும் என்கிறது.

அனுப்பிய பின் மூன்றாம் நாள் ஒரு போன், ஏழாம் நாள் ஒரு போன், பதினைந்தாம் நாள் கிராம சுகாதாரச் செவிலியர் வழியாக ஒரு எட்டு, மாதம் முடியும் முன் மாத்திரை கிடைத்ததா என்ற உறுதி. போனில் குடும்பத்தாரிடம் மட்டும் பேசினால் ‘நல்லா இருக்கார்’ என்றுதான் வரும். அவரிடமே போனைக் கொடுக்கச் சொல்ல வேண்டும். கொடுக்கத் தயங்கினால் அந்த வாரமே நேரில் போவதுதான் சரி.

போகவே வீடில்லாதவர்களும் இருக்கிறார்கள். 2017-இல் கௌரவ் குமார் பன்சால் வழக்கில், குணமான பிறகும் மனநல மருத்துவமனைகளிலேயே கிடப்பவர்களைப் பற்றி உச்ச நீதிமன்றம் கேள்வி எழுப்பியது. சமூகத்தில் வாழும் உரிமை மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 19-ஆவது பிரிவில் இருக்கிறது. அதை நடப்பில் காட்டிய முயற்சிகளில் சென்னை ‘தி பேனியன்’ அமைப்பு 2015-இல் தொடங்கிய ‘ஹோம் அகெய்ன்’ முக்கியமானது. சாதாரணத் தெருவில் சாதாரண வாடகை வீடு, அதில் நாலைந்து பேர், கூட உதவிக்கு ஓர் ஊழியர். வெளியே போர்டு கிடையாது. வீட்டைப் பிடிப்பதுதான் இதில் கடினம். உரிமையாளரிடம் உண்மையை மறைத்து வாங்கினால் ஆறு மாதத்தில் காலி செய்யச் சொல்வார்கள், சொல்லிக் கேட்டால் பத்தில் எட்டுக் கதவு மூடிக்கொள்ளும். எட்டு மூடினாலும் சொல்லித்தான் கேட்க வேண்டும்.

இந்த வேலை எப்படி உண்டானது

சென்னையில் மனநோயாளிகளுக்கான காப்பகம் 1794-இல் வாலண்டைன் கோனலி என்ற அறுவை மருத்துவரின் பொறுப்பில் தொடங்கியது. 1871-இல் கீழ்ப்பாக்கத்துக்கு வந்தது. நூறாண்டுக்கும் மேலாக அங்கே வேலை என்றால் அடைத்து வைப்பதும் காவல் காப்பதும்தான். 1961 முதல் 1978 வரை அதன் தலைவராக இருந்த டாக்டர் சாரதா மேனன் காலத்தில்தான் புறநோயாளிப் பிரிவும் மறுவாழ்வும் அழுத்தம் பெற்றன. சமூகப் பணிக் கல்வி இந்தியாவில் 1936-இல் பம்பாய் டாடா பள்ளியில் தொடங்கியது. சென்னையில் 1952-இல் மேரி கிளப்வாலா ஜாதவ் நிறுவிய சமூகப் பணிப் பள்ளி வந்தது. பெங்களூருவில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸில் மனநலச் சமூகப் பணிக்கு என்றே தனித் துறை வளர்ந்தது.

தேசிய மனநலத் திட்டம் 1982-இல் அறிவிக்கப்பட்டது. கர்நாடகத்தின் பெல்லாரியில் நிம்ஹான்ஸ் செய்து பார்த்த மாதிரியை அடிப்படையாகக் கொண்டு 1996-இல் மாவட்ட மனநலத் திட்டம் வந்தது. ஆனால் தமிழ்நாட்டை உலுக்கியது திட்டம் அல்ல, தீ. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் சங்கிலியோடு கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் எரிந்தார்கள். 28 பேர் இறந்தனர். உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்காக எடுத்தது. சங்கிலியால் கட்டுவதை 2017 சட்டத்தின் 95-ஆவது பிரிவு எந்த வடிவிலும் தடை செய்கிறது.

சட்டம் தடுத்துவிட்டது என்பதற்காக வீட்டுக் கொல்லையில் சங்கிலி கழன்றுவிடாது. மகனைக் கட்டி வைத்திருக்கும் தாயிடம் சட்டப் பிரிவைப் படித்துக் காட்டுகிறவர் மறுமுறை அந்த வீட்டுக்குள் நுழைய முடியாது. பகலில் வேலைக்குப் போனால் அவன் ஓடிவிடுகிறான், ரோட்டில் அடிபடுகிறான் என்பது அவர் பக்கக் கணக்கு. பதினைந்து நாளுக்கோ நான்கு வாரத்துக்கோ ஒருமுறை போடும் ஊசி, பகலில் இருக்க ஓர் இடம், ஊசி போட்டால் உடம்பு விறைத்துக்கொள்ளலாம், அதற்கு மாற்று மாத்திரை உண்டு என்ற முன்னெச்சரிக்கை எல்லாம் சேர்ந்தால்தான் பூட்டு திறக்கும். கொடுமை என்று தெளிவாகத் தெரிந்தால் 101, 102 பிரிவுகள் இருக்கின்றன. நீதித்துறை நடுவர் உத்தரவிட்டு, மதிப்பீட்டுக்காக 10 நாள் வரை மருத்துவமனையில் சேர்க்கலாம். தர்காவுக்கும் கோயிலுக்கும் அழைத்துப் போகும் குடும்பத்தைத் திட்டுவதும் வீண் வேலை. ஏர்வாடி தர்கா வளாகத்திலேயே அரசு மனநலச் சிகிச்சை தரும் ஏற்பாடு வந்த பிறகு, மந்திரித்த கையோடு மாத்திரையும் வாங்கிப் போகிறார்கள். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று அவர்களை நிர்ப்பந்தித்தால் மாத்திரைதான் தோற்கும்.

படிப்பும் பணியும்

சட்டத்தின் வரையறைப்படி மனநலச் சமூகப் பணியாளர் என்றால் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) முடித்து, அதன் மேல் மருத்துவமனைப் பயிற்சியோடு இரண்டாண்டு முழுநேர எம்.ஃபில். முடித்தவர். எம்.எஸ்.டபிள்யூ. மட்டும் படித்தவர்களும் இந்தப் பணியிடங்களில் இருக்கிறார்கள். புதிய கல்விக் கொள்கை எம்.ஃபில். பட்டத்தையே நிறுத்தச் சொன்னதால் இந்த வரையறை அந்தரத்தில் தொங்குகிறது. 2021-இல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின் பட்டியலில் இவர்களும் இருக்கிறார்கள். வேலைக்குச் சேர விரும்புகிறவர் பட்டத்தின் பெயரை விட ஒன்றைக் கவனித்துக் கேட்க வேண்டும்: மேற்பார்வையோடு கூடிய வார்டுப் பயிற்சி எத்தனை மாதம்? அது இல்லாத படிப்பு தாளில் மட்டும் இருக்கும்.

மாவட்டக் குழுவில் மனநல மருத்துவர், உளவியலாளர், பி.எஸ்.டபிள்யூ., மனநலச் செவிலியர், பதிவேட்டு உதவியாளர் இருக்க வேண்டும். பெரும்பாலும் ஒப்பந்தப் பணி. நிரம்பாத இடங்களின் வேலை இருப்பவர் தலையில்தான் விழும். அளவைப் புரிந்துகொள்ள ஒரு கணக்குப் போடலாம். 2015-16 தேசிய மனநல ஆய்வு, பெரியவர்களில் தீவிர மனநோய் உள்ளவர்கள் அப்போதைய நிலையில் 0.8 சதவீதம் என்றது. 20 லட்சம் பெரியவர்கள் உள்ள மாவட்டத்தில் அது 16,000 பேர். ஒரு பஸ் தடத்திலேயே வீடுகள் அமைந்தால் ஒரு நாளில் நாலைந்து வீடு பார்க்கலாம். வாரம் இரண்டு நாள் களத்துக்கு ஒதுக்கினால் மாதம் நாற்பது வீடு தேறும். அதாவது வீட்டுக்கு வீடு போய் இதை முடிக்கவே முடியாது. யார் வீட்டுக்குப் போகாவிட்டால் உயிர் போகும் என்று தேர்ந்தெடுப்பதும், மற்றவர்களுக்குச் செவிலியர், அங்கன்வாடி, மகளிர் சுயஉதவிக் குழு என்று வேறு கண்களைத் தயார்படுத்துவதும்தான் வழி. கேஸ் வொர்க்கர் மேலாளராக மாறும் இடம் இது. பலருக்கு மனசு ஒப்பாத இடமும் இதுவே. தன் கையால் செய்ததுதான் வேலை என்று பழகியவருக்கு, பதிவேட்டைத் திருத்துவது வேலையாகவே தெரியாது.

பதிவேட்டில்தான் சேவையின் உயிர் இருக்கிறது. மேலிடத்துக்கு மாதாமாதம் போகும் அறிக்கை, எத்தனை முகாம், எத்தனை புது நோயாளி, எத்தனை பேருக்கு விழிப்புணர்வு என்று கேட்கிறது. ஜனவரியில் புதிதாகச் சேர்ந்த நாற்பது பேரில் ஜூனில் எத்தனை பேர் மாத்திரை வாங்கினார்கள் என்ற கேள்வி அதில் இருக்காது. அந்த ஒரு எண்ணைத் தனியாக ஒரு நோட்டில் எழுதி வருபவருக்குத் தன் சேவையின் ஓட்டை எங்கே என்று தெரிந்துவிடும். பெயருக்கு எதிரே கடைசி மாத்திரை தீரும் தேதி, வராவிட்டால் ஏன் வரவில்லை என்று இரண்டு சொல். குண்டாகிவிட்டேன், தூக்கம் அள்ளுகிறது, குணமாகிவிட்டது, கல்யாணம் பேசுகிறார்கள், திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார், ஒருநாள் கூலி போகிறது. மூன்று மாதம் எழுதினால் ஒழுங்கு பிடிபடும். ‘கூலி போகிறது’ அதிகம் என்றால் கிளினிக் நேரத்தை மாற்ற வேண்டும். ‘தூக்கம்’ என்றால் டாக்டரிடம் அளவைப் பற்றிப் பேச வேண்டும்.

வட்டார கிளினிக்கைத் தேதியில் வைக்காமல் கிழமையில் வைப்பது நல்லது. ‘12-ஆம் தேதி’ என்றால் ஞாயிறில் விழும், தள்ளிப்போகும், ஆட்கள் வந்து ஏமாந்து திரும்புவார்கள். ‘மாதத்தின் இரண்டாம் செவ்வாய்’ என்றால் சந்தை நாள் போல மனதில் நிற்கும். 30 நாள் மாத்திரையோடு ஐந்து நாள் கூடுதலாகக் கொடுத்தால் மழை, பந்த், திருவிழா எல்லாவற்றையும் தாண்டலாம். ஆனால் தற்கொலை எண்ணம் உள்ளவரிடம் மொத்தமாகக் கொடுக்கக் கூடாது. அமிட்ரிப்டிலின், லித்தியம் போன்றவை ஒரு மாத அளவில் உயிரைக் குடிக்கப் போதும். அவர்களுக்கு வாரத்துக்கு வாரம், வீட்டில் பொறுப்பானவர் கையில். லித்தியம் எடுப்பவருக்கு வாந்தி, பேதி, கோடை வியர்வை வந்தால் உடனே தெரிவிக்கச் சொல்ல வேண்டும். குளோசபின் எடுப்பவருக்குக் காய்ச்சலும் தொண்டை வலியும் வந்தால் அன்றே ரத்த அணுக்களைப் பார்க்க வேண்டும். கிராமச் செவிலியருக்கு இந்த இரண்டு வரியை ஒரு சீட்டில் எழுதிக் கொடுப்பது அரைநாள் கருத்தரங்கை விட உதவும்.

ஊனச் சான்றிதழ் இன்னொரு பெரிய வேலை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி மனநோயும் மாற்றுத்திறன் வகைதான். மனநோயால் வரும் ஊனத்தை அளக்கும் ‘ஐடியாஸ்’ அளவுகோலில் தன்னைக் கவனித்துக்கொள்வது, உறவு, பேச்சும் புரிதலும், வேலை என்று நான்கு தலைப்பு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், அதோடு நோய் நீடித்த காலத்துக்கு 1 முதல் 4. மொத்தம் 7 வந்தால் 40 சதவீதம், பலன்களுக்கான கோடு அதுதான். முகாம் நாளில் குளிப்பாட்டி, புதுச்சட்டை போட்டு அழைத்து வருவார் அம்மா. ‘சாப்பிடுறாரா?’ என்றால் ‘நல்லா சாப்பிடுவார் சார்’ என்று பெருமையாகச் சொல்வார். மதிப்பெண் போய்விடும். ‘நீங்க தட்டுல போட்டுக் கூப்பிடலைன்னா என்ன செய்வார்?’ என்று கேட்கத் தெரிந்தால்தான் உண்மை வரும். முன்கூட்டியே வீட்டு நிலையை ஒரு பக்கம் எழுதி, சிகிச்சைத் தாள்களை வருட வரிசையில் அடுக்கிக் கொடுத்தால் பாதி நிராகரிப்புகள் நிற்கும்.

பொறுப்பு ஒரு பக்கம், அதிகாரம் ஒரு பக்கம்

அரசு அமைப்பில் மாவட்டத் திட்டத்துக்குத் தலைவர் மனநல மருத்துவர். பி.எஸ்.டபிள்யூ. எத்தனை ஆண்டு இருந்தாலும் பதவி ஏணி அவருக்கு இரண்டு மூன்று படியோடு முடிந்துவிடுகிறது. சமூகப் பணி படித்தவர்கள் முழுச் சேவையைக் கட்டி நடத்தியது பெரும்பாலும் அரசுக்கு வெளியேதான். 1993-இல் வைஷ்ணவி ஜெயக்குமாரோடு சேர்ந்து ‘தி பேனியன்’ அமைப்பைத் தொடங்கிய வந்தனா கோபிகுமார் அதற்கு நன்கு அறிந்த உதாரணம். வீடற்ற மனநோயாளிகளுக்காகத் தமிழ்நாடு அரசு 2018 முதல் மாவட்ட அளவில் தொடங்கிய அவசரப் பராமரிப்பு மீட்பு மையங்கள், இப்படிப்பட்ட அனுபவம் அரசுக்குள் வந்த வழி. அங்கே மையத்தின் அன்றாடப் பொறுப்பு சமூகப் பணியாளர் கைக்கு வர இடமிருக்கிறது.

அதிகாரம் இல்லாமல் வேலை நடத்துவதற்கு மாவட்டத்தில் ஒரு கருவிதான் உண்டு, அது கலெக்டர் தலைமையிலான கூட்டம். வருடத்துக்கு ஓரிரு முறை கிடைக்கும் ஐந்து நிமிடத்தில் சேவையின் பெருமையைப் பேசுகிறவர் கைதட்டலோடு திரும்புவார். காவல், மாற்றுத்திறனாளிகள் நலம், வருவாய், சமூக நலம், சட்டப் பணிகள் ஆணைக்குழு என்று ஒவ்வொரு துறையிலும் ஒரு பெயர், ஒரு போன் நம்பர், ஒரு கால கெடு என்று கேட்பவர் கூட்டக் குறிப்பில் அதை ஏற்றிவிட்டுத் திரும்புவார். மினிட்ஸில் ஏறியது மட்டும்தான் ஆறு மாதம் கழித்தும் உயிரோடு இருக்கும்.

கீழே வேலை செய்பவர்களைக் காப்பதும் தலைமையின் பொறுப்பு. புது வீட்டுக்கு எப்போதும் இரண்டு பேர், போகும் இடமும் திரும்பும் நேரமும் அலுவலகத்தில் எழுதிவிட்டுத்தான் போவது, வாசலுக்கு அருகில் உட்காருவது. துறைப் பெயர் எழுதிய ஜீப்பைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட வேண்டும். வீட்டு வாசலில் நிறுத்தினால் அந்தக் குடும்பத்துப் பெண்ணின் கல்யாணப் பேச்சு நின்றுபோகலாம், அதன் பிறகு அவர்கள் கதவைத் திறக்க மாட்டார்கள். நோயாளி தற்கொலை செய்துகொண்டால் ஊழியரிடம் முதலில் விளக்கம் கேட்டு மெமோ கொடுப்பது வழக்கம். அன்று ஒருநாள் அவரோடு உட்கார்ந்து, என்ன நடந்தது என்று கேஸ் ஷீட்டை ஒன்றாகப் படிப்பதுதான் மேற்பார்வை. அப்படிச் செய்யாத குழுவில் அடுத்த முறை ஆபத்தான கேஸை யாரும் கையில் எடுக்க மாட்டார்கள், எல்லாமே ‘மேல் சிகிச்சைக்குப் பரிந்துரை’ ஆகிவிடும். 2022 அக்டோபர் 10 முதல் இயங்கும் அரசு மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மனாஸின் 14416 எண்ணுக்கு இரவில் வரும் அழைப்புகளும், காலையில் மாவட்டத்தில் யாராவது எடுத்துப் பார்க்கும் வரை கைமாற்றத்தின் நடுவில்தான் நிற்கின்றன.

கடைசியாக ஒரு கைமாற்றம் பாக்கி இருக்கிறது. ஒப்பந்தம் நிதியாண்டோடு முடியும். புதுப்பிப்பு ஆணை தாமதமாகும், அதற்குள் பி.எஸ்.டபிள்யூ. வேறு வேலைக்குப் போய்விடுவார். அவர் சொந்த போனில் இருந்த முந்நூறு குடும்பங்களின் எண்கள், எந்த அம்மாவிடம் காலையில் பேசக் கூடாது, எந்த வீட்டில் நாய் கடிக்கும், எந்த எஸ்.ஐ. எடுத்தவுடன் பேசுவார் என்பதெல்லாம் அவரோடு போய்விடும். புதிதாக வருபவர் பதிவேட்டில் பெயர்களை மட்டும் பார்ப்பார். அதனால் முதல் நாளிலிருந்தே அலுவலக சிம் கார்டு ஒன்று, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இரண்டு வரிக் குறிப்பு, போகும் முன் இரண்டு வாரம் புதியவரைக் கூட்டிக்கொண்டு அதிக ஆபத்துள்ள இருபது வீடுகளுக்காவது நேரில் போய் வருவது என்று வைத்துக்கொள்ள வேண்டும். அந்த இருபது வீட்டுப் பட்டியலை பிப்ரவரியிலேயே தட்டச்சு செய்து வைத்துவிடுவது நல்லது. மார்ச்சில் யாருக்கும் நேரம் இருக்காது.